யோனத்தான் கழற்றிக் கொடுத்த சால்வை

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். எங்கள் இருவருக்கும் நண்பரான ஓர் எழுத்தாளரின் நாவலுக்குப் பெரிய பரிசு ஒன்று கிடைத்திருப்பதாகச் சொன்னார். "அப்படியா! ரொம்ப சந்தோஷம்" என்றேன். பேசி முடித்துவிட்டு வந்து மீதிக் காப்பியை எடுத்தேன். அது கசந்தது.

அந்த நண்பரும் நானும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுத வந்தவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தியிருக்கிறோம். வாடகை கொடுக்க முடியாத மாதங்களில் ஒருவருக்கொருவர் கைமாற்று வாங்கியிருக்கிறோம். என் தாயார் காலமானபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். அப்படிப்பட்டவருக்கு ஒரு நன்மை வந்தது. எனக்குக் காப்பி கசந்தது. அந்த ஆண்டு என்னுடைய நாவலும் ஒன்று வெளிவந்திருந்தது என்று சொல்லிவிட்டால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.

உடனே உட்கார்ந்து வாழ்த்துக் கடிதம் எழுதினேன். எழுதுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அதில் என்ன சிரமம்? அவர் வெற்றி என் வெற்றி என்றேன். தமிழுக்கே கிடைத்த பெருமை என்றேன். உறையில் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். நடை நன்றாக இருந்தது. உண்மைதான் ஒரு வரியிலும் இல்லை. அன்று மாலை வேறொருவர் வீட்டுக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக, "அந்த நாவலின் பிற்பகுதி கொஞ்சம் தொய்வுதான்" என்று சொல்லி வைத்தார். அவருக்குக் கொடுத்த காப்பியோடு நானும் ஒரு டம்ளர் குடித்தேன். அது இனித்தது.

என்னை எனக்குக் காட்டிக்கொடுக்க அந்த இரண்டு டம்ளர் காப்பி போதுமாயிருந்தது.

நான் எழுதிய கதைகளில் பொறாமைக்காரர்கள் பலர் வருகிறார்கள். அவர்கள் பல்லைக் கடிப்பார்கள். மறைந்து நின்று பார்ப்பார்கள். பங்காளி வீட்டு வைக்கோற்போருக்கு நெருப்பு வைப்பார்கள். உண்மையான பொறாமைக்காரன் அப்படியெல்லாம் இருப்பதில்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அவன் நல்ல நடையில் வாழ்த்துக் கடிதம் எழுதுகிறவன்.

மனிதன் தன் குற்றங்களில் சிலவற்றைக் கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்வான். "எனக்கு முன்கோபம் அதிகம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. "சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நான் கட்டுப்பாடாக இருப்பதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு. "நான் பொறாமைக்காரன்" என்று நாலு பேர் முன்னால் சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பாப்பரசர் பெரிய கிரகோரியார் தலையாய பாவங்கள் ஏழை வகுத்துச் சொன்னார். அதில் பொறாமையும் ஒன்று. மற்றப் பாவங்களில் செய்யும்போதாவது ஒரு ருசி இருக்கிறது. பெருந்தீனிக்காரன் சாப்பிடும்போது மகிழ்கிறான். கஞ்சன் எண்ணும்போது மகிழ்கிறான். பொறாமைக்காரனுக்கு முதல் நொடியிலிருந்தே தண்டனைதான். அந்த மாலைக் காப்பியின் இனிப்பும் இனிப்பன்று. நோவு கொஞ்ச நேரம் குறைந்த சுகம், அவ்வளவே. விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் பொறாமையை எலும்பை உருக்கும் நோய் என்று சொல்கிறது. எலும்புருக்கி என்று நம் ஊரில் காசநோய்க்குப் பெயர் இருந்தது. இரண்டும் உள்ளேயிருந்து தின்பவை. ஆள் நடமாடிக்கொண்டுதான் இருப்பான்.

இன்னொன்றையும் கவனித்தேன். எனக்கு டால்ஸ்டாயின்மேல் பொறாமை இல்லை. கம்பன்மேலும் இல்லை. அவர்களுடைய உயரத்தைப் பார்த்து மகிழத்தான் செய்கிறேன். பொறாமை அவ்வளவு தூரம் போவதில்லை. அடுத்த வீடு, அடுத்த மேஜை, அடுத்த பந்தி, அதுதான் அதன் எல்லை. நேற்றுவரை நமக்குச் சமமாக இருந்தவன்மேல்தான் அது பாயும். இன்று கைபேசியைத் திறந்தால் தெரிந்தவர் நூறு பேருடைய வீடும் நம் அடுத்த வீடாகிவிடுகிறது. ஒருவன் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒருவன் கார் வாங்கியிருக்கிறான். ஒருவன் மாலையோடு நிற்கிறான். எலும்புக்கு எவ்வளவு வேலை!

இந்த நோய்க்கு மருந்து என்ன? திருவள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். அது விளைக்கும் கேட்டையெல்லாம் எடுத்துச் சொல்லி எச்சரித்தார். எச்சரிக்கை எனக்குப் புரிகிறது. ஆனால், பொறாமை வந்தபின் 'பொறாமைப்படாதே' என்று என் மனத்துக்குச் சொல்லிப் பார்த்தேன். இருமுகிறவனிடம் 'இருமாதே' என்று சொன்னதுபோல் இருந்தது. அப்போதுதான் ஆச்சியின் ஞாபகம் வந்தது.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் ஆச்சிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். படித்ததெல்லாம் ஒரே புத்தகம்; அதன் பழைய ஏற்பாட்டில் அவளுக்கு வழி தெரியாத தெரு இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் ஞாயிறு பள்ளியில் நடந்த வேத வினாப் போட்டியில் பெரியப்பா மகனுக்கு முதல் பரிசு கிடைத்தது. படங்கள் போட்ட கெட்டிப் புத்தகம். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள். வீட்டுக்கு வந்ததும் நான் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

ஆச்சி வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. "ஏலே, அவனுக்குக் கிடைச்சதுல உனக்கு என்னலே குறைஞ்சுபோச்சு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனவள், அந்தப் பரிசுப் புத்தகத்தையும், பழுப்புக் காகிதம் ஒன்றையும், ஒரு கிண்ணத்தில் கஞ்சிப் பசையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அட்டை போட்டுக் குடு."

"நான் போடமாட்டேன் ஆச்சி."

"நீதாம்லே போடணும். அவனுக்கு மடிக்கத் தெரியாது."

அவன் மடித்தால் கோணும் என்பது உண்மைதான். அழுதுகொண்டே மடித்தேன். காகிதத்தில் இரண்டு இடத்தில் ஈரம் பட்டது. அட்டை போட வேண்டுமென்றால் புத்தகத்தைத் திறக்க வேண்டும் அல்லவா? திறந்த இடத்தில் நோவாவின் பேழை இருந்தது. ஜன்னல் வழியாக ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அட்டையை மறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகன் மெள்ள வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "இதைப் பாரேன்" என்று அவனிடம் நான்தான் காட்டினேன்.

அன்று இரவு ஜெபத்தில், சாமுவேலின் முதல் புத்தகத்தில் 18ஆம் அதிகாரத்தை என்னைப் படிக்கச் சொன்னாள் ஆச்சி. அப்போது அது எனக்கு வெறும் கதை. பரிசுச் செய்தி வந்த பின்புதான் மறுபடியும் அதை எடுத்துப் படித்தேன். கதை எழுதுகிறவனாக எனக்கு அதில் பெரிய வியப்பு காத்திருந்தது.

இஸ்ரவேலின் முதல் அரசன் சவுல். அவனுடைய மூத்த மகன் யோனத்தான். பெத்லகேம் ஊரைச் சேர்ந்த ஈசாயின் கடைசி மகன் தாவீது. ஆடு மேய்க்கிற பையன். பெலிஸ்தரின் அரக்கன் போன்ற வீரன் கோலியாத் நாற்பது நாள் அறைகூவி நின்றும் எதிரே போக யாரும் துணியவில்லை. பையன் போனான்; கவண் கல்லால் வென்றான். அந்த ஒரே வெற்றி அரண்மனையில் இரண்டு பேர் முன்னால் வந்து நின்றது. அப்பனுக்கு ஒரு விதமாகத் தெரிந்தது. மகனுக்கு வேறு விதமாகத் தெரிந்தது.

படை திரும்பும்போது பெண்கள் மேளதாளத்தோடு பாடிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பாட்டில் சவுலுக்கு ஆயிரக் கணக்கு. தாவீதுக்குப் பதினாயிரக் கணக்கு. அன்று முதல் சவுல் தாவீதை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினான் என்கிறது வேதம். நான் கூர்ந்து கவனித்தது அந்த எண்ணைத்தான். பாட்டு சவுலின் ஆயிரத்தில் ஒன்றையும் எடுத்துவிடவில்லை. நேற்றுவரை அந்த ஆயிரம் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்தில் பதினாயிரம் வந்து நின்றதும் அதே ஆயிரம் அவமானமாகிவிட்டது. உனக்கு என்ன குறைந்துபோயிற்று என்று சவுலைக் கேட்க ஓர் ஆச்சி இல்லை.

யோனத்தானுக்கோ உண்மையாகவே குறைய இருந்தது. சவுல் இழந்தது ஒரு பாட்டில் முதலிடம். யோனத்தான் இழக்க இருந்தது அரியணை. அவன் கோழையும் அல்லன். ஆயுதம் தூக்கும் ஒருவனை மட்டும் அழைத்துக்கொண்டு பெலிஸ்தரின் காவற்படையின்மேல் ஏறிப் போய் வென்றவன். ஆட்டிடையன் ஒருவன் ஒரே நாளில் தன்னை மிஞ்சிவிட்டால் நெஞ்சு எரிய வேண்டியது அவனுக்குத்தான். நான் இந்தக் கதையை எழுதியிருந்தால் மகனைத்தான் பொறாமைக்காரனாக்கியிருப்பேன். கிழவனைப் பெருந்தன்மையுள்ளவனாக ஆக்கியிருப்பேன். அதுதான் நம்பும்படி இருக்கும் என்று நினைத்திருப்பேன்.

வேதம் சொல்வது வேறு. யோனத்தான் தாவீதைத் தன் உயிரைப்போல் நேசித்தான். தான் போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றிக் கொடுத்தான். உடையையும், வாளையும், வில்லையும், அரைக்கச்சையையும் கொடுத்தான். இளவரசன் என்று அடையாளம் காட்டும் பொருளெல்லாம் இடையனிடம் போய்விட்டன. இதற்கு முன்பு சவுலும் தன் கவசத்தைத் தாவீதுக்கு மாட்டிவிட்டான் என்பதை மறந்துவிடக் கூடாது. அது பையனுக்குப் பொருந்தவில்லை, கழற்றிப் போட்டுவிட்டான். சவுல் கொடுத்தது தன் காரியம் முடிவதற்காக. யோனத்தான் கொடுத்தது காரியம் முடிந்த பிறகு. அதிகாரத்தின் வரிசையைப் பாருங்கள்: பெண்களின் பாட்டு வருவதற்கு முன்பே யோனத்தான் கொடுத்து முடித்திருக்கிறான். பாட்டு அவன் காதில் விழுந்தபோது, காப்பாற்றிக்கொள்ள வேண்டியது அவன் தோளில் ஒன்றும் மிச்சமில்லை.

"சால்வையைக் குடுத்துட்டா அவனுக்குக் குளிராதா ஆச்சி?" என்று அன்று இரவு கேட்டேனாம். ஆச்சி சாகும்வரை இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன பதில் எனக்கே நினைவிருக்கிறது. "குளிரும்லே. கொஞ்ச நேரம் குளிரத்தான் செய்யும்."

சவுலின் கதை பிறகு எப்படிப் போயிற்று? தாவீது யாழ் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவன்மேல் ஈட்டியை எறிந்தான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், தாவீதுக்காகப் பரிந்து பேசிய யோனத்தானைப் பார்த்து, 'அவன் உயிரோடிருக்கும்வரை உனக்கு அரசு நிலைக்காது' என்று கத்தினான். பிறகு அந்த ஈட்டியை எறிந்தது யார்மேல் தெரியுமா? பெற்ற மகன்மேல். மகனுடைய அரசைக் காப்பாற்றுகிறேன் என்று புறப்பட்டவன் மகனையே கொல்லப் பார்த்தான். பொறாமை தான் கிளம்பிய காரணத்தையும் கடைசியில் தின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கூலி உயர்வு கேட்கும் தொழிலாளியைப் பார்த்து, 'இவனுக்கு முதலாளிமேல் பொறாமை' என்று சொல்லி வாயை மூடப் பார்க்கிறவர்கள் உண்டு. கோவிலுக்கும் கிணற்றுக்கும் வரக்கூடாது என்று விலக்கப்பட்டவன் கோபப்பட்டால் அதையும் பொறாமை என்று சொல்லலாம். அன்பைப் பேசுகிறேன் என்று இந்த அநியாயத்துக்கு நான் துணை போக மாட்டேன். தனக்கு உரியதைக் கேட்பது பொறாமை ஆகாது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. சாலொமோன் அரசனிடம் இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடி வந்தார்கள். ஒருத்தியின் குழந்தை இறந்துவிட்டது. உயிரோடு இருப்பது தன்னுடையதே என்று இருவரும் சொன்னார்கள். குழந்தையை வெட்டிப் பாதி பாதியாகக் கொடுங்கள் என்றான் அரசன். அப்படியே செய்யுங்கள், எனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம் என்றாள் ஒருத்தி. நாம் அவளைக் கொடியவள் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுகிறோம். அவளும் குழந்தையைப் பறிகொடுத்தவள். அவள் துக்கம் உண்மையானது. ஆனால் அந்தத் துக்கம் எங்கே போய் நின்றுவிட்டது பாருங்கள். அவளுக்கு இப்போது குழந்தை தேவையில்லை. அடுத்தவளுக்கு அது இல்லாமல் போனால் போதும். இதுதான் அசல் பொறாமை. நியாயம் கேட்கிறவன் 'எனக்கும் கொடு' என்கிறான். பொறாமைக்காரன் 'அவனிடமிருந்து எடு' என்கிறான். எடுத்ததைத் தனக்குக் கொடுக்காவிட்டாலும் அவன் மனம் ஆறிவிடும். அந்தப் பரிசு எனக்கு வராமல், நண்பருக்கும் இல்லாமல், முன்பின் தெரியாத ஒருவருக்குப் போயிருந்தால் காப்பி கசந்திருக்குமா? கசந்திராது. சோதனையில் நான் தேறவில்லை.

மற்றவள் என்ன செய்தாள்? அவளிடமே கொடுத்துவிடுங்கள், குழந்தை பிழைத்தால் போதும் என்றாள். வழக்கில் தோற்றாலும் சரி என்று அன்பு கையை விட்டது. யோனத்தான் சால்வையை விட்டதும் அப்படித்தான்.

இனி, பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். அதில் அன்பைப் பற்றி எழுதிய அதிகாரம் கிறிஸ்தவத் திருமணங்களில் அடிக்கடி படிக்கப்படுகிறது. பூமாலைக்கும் பட்டுப் புடவைக்கும் நடுவில் கேட்கும்போது, அது மணமக்களுக்காகவே எழுதிய வாழ்த்துப் போலத் தோன்றும். உண்மையில் அது பொறாமை பிடித்த ஒரு சபைக்கு எழுதிய மருந்துச் சீட்டு. கொரிந்து, கிரேக்க நாட்டின் செல்வம் கொழித்த துறைமுக நகரம். பவுல் கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதினார். சபையில் கட்சிகள் கிளம்பியிருந்தன. நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள், நான் கேபாவின் ஆள் என்று பிரிந்து நின்றார்கள். யாருக்குப் பெரிய வரம், யாருக்குச் சிறிய வரம் என்று போட்டி வேறு. பவுல் அவர்களுக்கு உடம்பை உதாரணமாகக் காட்டினார். கால், தான் கையாக இல்லையே என்று ஏங்கினால் என்ன ஆகும்? ஓர் உறுப்புக்குப் பெருமை வந்தால் மற்ற உறுப்புகளெல்லாம் சேர்ந்து மகிழ வேண்டாமா? இதைச் சொல்லிவிட்டுத்தான் அன்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்பு பொறுமையாக இருக்கும், கருணையாக இருக்கும் என்று இரண்டு குணங்களைச் சொன்னவர், அன்பு என்னென்ன செய்யாது என்று அடுக்கும்போது முதலில் வைத்தது பொறாமையை. நோய் எது என்று தெரிந்த வைத்தியர் அவர்.

மூல கிரேக்கத்தில் இன்னொரு நயம் உண்டு. பெரிய வரங்களை நாடுங்கள் என்று 12ஆம் அதிகாரத்தின் முடிவில் அவர் சொல்லும்போது 'நாடுங்கள்' என்பதற்கு ஒரு வினைச்சொல்லைப் போட்டிருக்கிறார். சில வரிகள் தள்ளி, அன்பு பொறாமைப்படாது என்னும்போதும் அதே வினைச்சொல்லைத்தான் போட்டிருக்கிறார். கொதிப்பு ஒன்றுதான். நல்லதைப் பார்த்துக் கொதித்தால் அது ஆர்வம். நல்லதை வைத்திருக்கும் ஆளைப் பார்த்துக் கொதித்தால் அது பொறாமை. ஆகவே ஆசையை அணைத்துவிடு என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை என்று நான் எண்ணுகிறேன். நன்றாக எழுத வேண்டும் என்று நான் ஏங்குவதில் பாவம் ஒன்றும் இல்லை. அந்த ஏக்கம் நண்பரின் முகத்தை மறைத்துவிட்டதுதான் பாவம்.

ஆம், மறைத்துவிட்டது. பொறாமைக்காரன் அடுத்தவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நாம் நினைக்கிறோம். அவன் அடுத்தவனைப் பார்ப்பதே இல்லை. சவுல் தாவீதைப் பார்க்கவில்லை. பதினாயிரம் என்ற எண்ணைப் பார்த்தான். நான் நண்பரைப் பார்க்கவில்லை, பரிசைப் பார்த்தேன். அன்பு செய்கிற முதல் காரியம், பொருளிலிருந்து கண்ணை எடுத்து ஆளின்மேல் வைப்பது. ஆனால் அந்த அன்புக்கு எங்கே போவது? பொறாமையால் எரிகிற மனத்தில் அன்பை வரவழைப்பது எப்படி? இங்கேதான் ஆச்சியின் பசைக் கிண்ணம் எனக்கு உதவியது. அன்பாக உணர் என்று அவள் சொல்லவில்லை. அட்டை போடு என்றாள். கை முதலில் போயிற்று. மனம் பிறகு வந்தது. பகைவனை நேசி என்று இயேசு சொன்னபோதும், அவனுக்கு நன்மை செய், அவனுக்காக வேண்டிக்கொள் என்று சேர்த்தே சொன்னார். இவையெல்லாம் கையாலும் வாயாலும் செய்கிற வேலைகள். மனம் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு நாளும் நடவாது.

பரிசுச் செய்தி வந்த இரண்டாம் வாரத்தில் நண்பருக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். நான் பேச வேண்டும் என்றார்கள். பொன்னாடையும் நான்தான் போர்த்த வேண்டுமாம். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். ஆச்சி நினைவுக்கு வந்தாள். சரி, அட்டை போடுகிற வேலை இது என்று நினைத்துக்கொண்டு நாவலை மறுபடியும் எடுத்தேன். முதல் தடவை குற்றம் தேடிப் படித்திருந்தேன், நிறையக் கிடைத்தன. இம்முறை பேசுவதற்காகப் படித்தேன். பிற்பகுதியில், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஒரு தகப்பன் விடியும்வரை உட்கார்ந்திருக்கிற இடம் வந்தது. பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது என்று எழுதியிருந்தார். எனக்குச் சட்டென்று மூச்சு நின்றது. அந்த பெஞ்ச் எனக்குத் தெரியும். அவருடைய மகன் விஷக்காய்ச்சலில் கிடந்த அன்று அதில் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஆடிய காலுக்கு அடியில் தீப்பெட்டியை மடித்து வைத்தவன் நான். தொய்வு என்று வந்தவர் சொன்னாரே, நான் இனிக்க இனிக்கக் கேட்டேனே, அது இந்தப் பகுதிதான். மனிதர் அந்த இரவை எத்தனை வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்து எழுதியிருக்கிறார்! பரிசு அதற்குப் பிறகு எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

கூட்டத்தில் அந்தத் தாழ்வாரத்தைப் பற்றி மட்டும் பேசினேன். நன்றாகப் பேசவில்லை, இரண்டு இடத்தில் தடுமாறினேன். பொன்னாடை போர்த்தும்போது அவர் என் காதோரம், "நீங்க வரமாட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றார். ஏன் என்றேன். "உங்க கடிதம் வந்ததே! அவ்வளவு நல்லா நீங்க எனக்கு எழுதினதே இல்லையே" என்றார். இருவரும் மேடையிலேயே சிரித்துவிட்டோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று சபைக்குத் தெரியாது.

4ஆம் நூற்றாண்டில் பொன்வாய் யோவான் என்று பெயர் பெற்ற கிறிசோஸ்தோம், அழுகிறவர்களோடு அழுவதைவிட மகிழ்கிறவர்களோடு மகிழ்வதற்குத்தான் பெரிய மனம் வேண்டும் என்று பிரசங்கம் செய்திருக்கிறார். துக்க வீட்டுக்கு நாம் கூப்பிடாமலே போகிறோம். அங்கே அழுவது எளிது. அவன் இழந்ததை நாம் இழக்கவில்லை என்ற ஆறுதல்கூட மனத்தின் அடியில் இருக்கலாம். கலியாண வீட்டில் மனமார மகிழ்வதுதான் கடினம். இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையில் மூத்த மகன் வாசலில் நின்றுவிட்டான். தம்பி திரும்பி வந்த விருந்தில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. தகப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறான். மூத்தவன் உள்ளே போனானா, இல்லையா? கதை சொல்லவில்லை. ஒவ்வொருவனும் தன் வாசலில் நின்று முடித்துக்கொள்ள வேண்டிய கதை அது.

அன்பினால் பொறாமையை ஒரேயடியாக வென்றுவிட்டேன் என்று எழுதினால், அதுவும் அந்த வாழ்த்துக் கடிதம் போல் ஆகிவிடும். அது மறுபடியும் வந்தது. வேறொருவர் பெயரில், அதே கசப்போடு. இப்போது ஆள் அடையாளம் தெரிகிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். தெரிந்தவுடன் ஏதாவது ஒரு சின்ன வேலை தேடிக்கொள்கிறேன். அவருடைய புத்தகத்தை ஒருவருக்கு வாங்கிக் கொடுப்பேன். இரவில் அவர் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்வேன். முதல் நாள் பேர் வாயில் வராது. நாலாம் நாள் வரும்.

யோனத்தானுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். இந்த உலகத்தின் கணக்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. சவுலுக்குப் பயந்து தாவீது காட்டில் ஒளிந்திருந்தபோது யோனத்தான் அவனைத் தேடிப் போய்த் திடப்படுத்தினான். நீ அரசனாவாய், நான் உனக்கு இரண்டாவதாக இருப்பேன் என்றான். அந்த இரண்டாம் இடமும் அவனுக்கு வாய்க்கவில்லை. தன்மேல் ஈட்டி எறிந்த தகப்பனோடுகூட நின்று கில்போவா மலைப் போரில் இறந்தான். அந்தச் செய்தி வந்த அன்று, ஐந்து வயதான அவன் மகன் மேவிபோசேத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாதி தவறவிட்டாள். பிள்ளைக்கு இரண்டு காலும் முடமாயின. பல ஆண்டுகள் சென்றபின் அரசனான தாவீது, யோனத்தானுக்காக நான் தயவு செய்யத்தக்கவர் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்று விசாரித்தான். லோதேபார் என்ற ஊரில் பிறர் வீட்டில் ஒதுங்கியிருந்த அந்த முடவனை வரவழைத்தான். பாட்டன் நிலங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தான். அரசன் பந்தியில் நாள்தோறும் உட்கார்ந்து சாப்பிட இடம் கொடுத்தான். யோனத்தானுக்கு இது தெரியாது. தெரிந்து கொடுத்த சால்வையும் அல்ல அது.

பெரியப்பா மகன் வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். அந்தப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அவனுடைய பேரப்பிள்ளை ஒட்டகச்சிவிங்கிக்கு மீசை வரைந்திருக்கிறது. பழுப்பு அட்டை மட்டும் கிழியவில்லை. நன்றாக மடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது.